மூச்சுக்குள் போன புல்

கண்ணு, முதலில் உன் கால்சட்டையின் ஓரத்தைக் காட்டு. கணுக்கால் பக்கம். குத்துகிறதா?

நேற்று நீ மைதானத்தில் ஓடியிருக்கிறாய். பட்டம் அறுந்து விழுந்திருக்கும். 'போக்காட்டா!' என்று பையன்கள் கத்தியிருப்பார்கள். நீயும் அதன் பின்னால் பறந்திருப்பாய். யாரும் என்னிடம் சொல்லவில்லை. உன் கால்சட்டையே சொல்லிவிட்டது.

ஓரம் முழுக்கக் குத்திக்கொண்டிருக்கும் அந்தப் பழுப்பு ஊசிகளுக்குக் கொல்கத்தாவில் 'சோர்காண்டா' என்று பெயர். வங்காள மொழியில் 'சோர்' என்றால் திருடன். 'காண்டா' என்றால் முள். திருட்டு முள்! அது ஏறியபோது உனக்குத் தெரியவே இல்லை, பார்த்தாயா? வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் சுருக்கென்றது. நம் ஊர்ப் பக்கம் இதை ஒட்டுப்புல் என்பார்கள்.

லேக் மார்க்கெட் பக்கத்தில் நாங்கள் இருக்கும் வீட்டில், கீழ்த்தளத்தில் ஒரு சிறுமி இருக்கிறாள். ஆறாம் வகுப்பு. போன வாரம் மாடிப்படியில் உட்கார்ந்து தன் பாவாடையிலிருந்து இந்த முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "மாமா, எனக்குக் கை இருக்கு, பிடுங்கிடறேன். நாய் மூக்குக்குள்ளே இது போயிட்டா அது என்ன பண்ணும்?"

என் கையில் இருந்த காபி ஆறிப்போனது. அவ்வளவு நல்ல கேள்வி அது. தனக்குக் குத்தியபோது இன்னொரு உயிரை நினைத்தாள் பார்! அவளுக்குச் சொன்னதை இன்று உனக்கும் சொல்கிறேன்.

முதலில் அந்த முள் ஒன்றைப் பிடுங்கி வெள்ளைத் தாளில் வை. பூதக்கண்ணாடி இருந்தால் எடுத்து வா. ஒரு முனை ஊசி போலக் கூராக இருக்கிறதா? அந்த ஊசி முனையை ஒட்டிச் சின்னச் சின்ன முடிகள் தெரிகின்றனவா? அவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று கவனி. எல்லாம் கூர்முனைக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் இந்த மாதிரி முடியைச் சுணை என்பார்கள்.

இப்போது ஒரு விளையாட்டு. மீசை வைத்த ஏதாவது ஒரு காய்ந்த புல் கதிரைப் பறித்து வா. கோதுமைக் கதிர் கிடைத்தால் இன்னும் நல்லது. காம்புப் பக்கத்தைக் கட்டைவிரல் பக்கமாக வைத்து, உள்ளங்கைக்குள் மூடிக்கொள். கையை மெல்ல இறுக்கு, தளர்த்து. இறுக்கு, தளர்த்து. கதிர் தானாக நகர்கிறதா? நகரும். எப்போதும் காம்பு முன்னே போகும் ஒரே திசையில்தான் நகரும். எவ்வளவு முயன்றாலும் திரும்பி வராது.

மெட்ரோ நிலையத்தில் உள்ளே நுழையும் கதவு ஞாபகம் இருக்கிறதா? முன்னால் போகலாம். அதே வழியில் பின்னால் வர முடியாது. சுணையும் அப்படித்தான். தூண்டில் முள்ளை நினைத்துக்கொண்டாலும் சரி. மீனுக்குள் சுலபமாக ஏறும், இழுத்தால் மாட்டிக்கொள்ளும்.

புல்லுக்கு இந்த வித்தை எதற்கு? அதற்குக் கால் இல்லையே! தன் குழந்தைகளை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும். மாமரத்துக்கு அந்தக் கவலை குறைவு. பழத்தை இனிப்பாக்கி வைத்தால் வௌவாலும் பையன்களும் கொட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். புல்லிடம் பழம் இல்லை. அதனால் மாட்டின் வால், ஆட்டின் ரோமம், உன் கால்சட்டை, எது கிடைத்தாலும் அதில் ஏறிப் பயணம் செய்கிறது.

இன்னொன்று சொல்கிறேன், இது எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி. நம் ஊர்க் காடு மேடுகளில் ஊசிப்புல் என்று ஒன்று உண்டு. அதன் விதைக்கு முறுக்கிய நீண்ட வால் இருக்கும். காய்ந்திருக்கும்போது கயிறு போல முறுக்கிக்கொள்ளும். ஈரம் பட்டால் முறுக்கு அவிழும். முறுக்கி அவிழ்ந்து, முறுக்கி அவிழ்ந்து, தச்சர் கையில் இருக்கும் துளைக்கருவி மாதிரி விதை தானே மண்ணுக்குள் இறங்கிவிடும்! 1665இலேயே இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி காட்டு ஓட்ஸ் புல்லின் வாலை நுண்ணோக்கியில் பார்த்து, அது ஈரத்தில் திரும்புவதை எழுதிவைத்தார். காற்றில் எவ்வளவு ஈரம் என்று அளக்க அதையே கருவியாக்கிக் காட்டினார். ஒரு புல் முடியை வைத்து!

சரி, இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள். சுணை உள்ள புல் ஒரே திசையில்தான் போகும். இனி நடக்கப்போகும் எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி.

இப்போது நாய்க்கு வருவோம். மிஷ்டி என்று ஒரு நாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிஷ்டி என்றால் இங்கே இனிப்பு. பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியது. நீ பட்டத்தைத் துரத்தினாய், அது உன்னைத் துரத்தியது. நாக்கு வெளியே தொங்க, வாயை அகலத் திறந்துகொண்டு, புல்லுக்குள் ஓடுகிறது.

நாய்க்கு உலகமே மூக்குதான். மோப்பம் பிடிக்கும்போது நொடிக்கு ஐந்து தடவை போல மூச்சை உள்ளே இழுக்கும். நீ இப்போது முயன்று பார், நொடிக்கு ஐந்து முடிகிறதா? அப்படி இழுக்கும்போது புல்லிலிருந்து உதிர்ந்த ஒரு முள் மூக்குக்குள் போகலாம். ஓடும்போதோ வாயால் பெரிய பெரிய மூச்சாக இழுக்கும். அப்போது முள் இன்னும் உள்ளே, மூச்சுக்குழாய்க்கே போய்விடலாம்.

மூச்சுக்குழாய் எப்படி இருக்கும்? ஒரு மாமரத்தைத் தலைகீழாக நட்டதாக நினைத்துக்கொள். தொண்டையிலிருந்து இறங்கும் குழாய்தான் அடிமரம். நெஞ்சுக்குள் போனதும் அது இரண்டு கிளையாகப் பிரியும். வலது ஒன்று, இடது ஒன்று. அப்புறம் சின்னக் கிளைகள், குச்சிகள். கடைசியில் இலைகளுக்குப் பதிலாகக் குட்டிக் குட்டிக் காற்றுப் பைகள். நாயின் வலது நுரையீரலில் நான்கு மடல்கள் உண்டு, இடதில் இரண்டு. உள்ளே போன புல் பெரும்பாலும் பின்பக்க மடல்களுக்குத்தான் போய்ச் சேரும், அதுவும் வலப்பக்கம் அதிகம். காற்று நேராக ஓடும் பாதை அது.

புரிந்ததா? மாமரம் கண்ணில் தெரிகிறதா? இல்லை என்றால் ஒரு தாளில் வரைந்து பார்த்துவிட்டு வா, நான் காத்திருக்கிறேன்.

உடம்பு சும்மா விடுமா? விடாது. மூக்கின் காவலாளி தும்மல். நுரையீரலின் காவலாளி இருமல். உனக்கு ஒரு பருக்கை புரையேறினால் இருமி வெளியே தள்ளிவிடுகிறாய் அல்லவா? மிஷ்டியும் இருமும். தூசியாக இருந்தால், மண்துகளாக இருந்தால், வெளியே வந்துவிடும்.

ஆனால் இது சுணை உள்ள புல். உன் உள்ளங்கை விளையாட்டை நினைத்துப் பார். இறுக்கு, தளர்த்து என்றதும் கதிர் என்ன செய்தது? இருமும்போது குழாய் இறுகித் தளர்கிறது. மூச்சு விடும்போதும் அப்படியே. ஒவ்வொரு அசைவுக்கும் புல் ஒரு மயிரிழை முன்னால் போகிறது. வெளியே தள்ள வேண்டிய இருமலே உள்ளே தள்ளும் கை ஆகிவிடுகிறது. பாவம் மிஷ்டி.

மூக்கில் மாட்டிக்கொண்டால் கண்டுபிடிப்பது கொஞ்சம் சுலபம். திடீரென்று அடுக்கடுக்காகத் தும்மும். முன்னங்காலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் சளியோ ரத்தமோ வரலாம். ஒரு பக்கம் மட்டும் என்பது நல்ல துப்பு. சளிக்காய்ச்சல் என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒழுகுமே!

நுரையீரலுக்குள் போனதுதான் ஏமாற்றும். புல்லில் ஓடியபோது ஓர் இருமல் வரும், பயங்கரமாக. ஒரு நாள், இரண்டு நாள் இருக்கும். அப்புறம் நின்றே போகலாம். வீட்டில் எல்லாரும் 'சரியாகிவிட்டது' என்று மறந்துவிடுவார்கள். புல் மட்டும் மறக்காது. அது ஈரத்தில் ஊறிக்கொண்டு, தன்மேல் ஒட்டிவந்த கிருமிகளோடு உள்ளே உட்கார்ந்திருக்கும்.

சில வாரம் கழித்து மறுபடி இருமல். வாயில் கெட்ட நாற்றம். காய்ச்சல். சோர்வு. சில சமயம் இருமலில் ரத்தம். கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தால் நின்றுவிடும். மருந்தை நிறுத்தினால் திரும்பி வரும். மறுபடி மருந்து, மறுபடி இருமல். வீட்டுக்குள் எலி செத்துக் கிடக்கும்போது ஊதுவத்தி கொளுத்தினால் நாற்றம் போகுமா? கொஞ்ச நேரம் போகும். எலியை எடுக்கிற வரைக்கும் முழுதாகப் போகாது.

புல்லை எடுக்காமல் விட்டால் அது எங்கே போகும் தெரியுமா? இதைக் கேட்டால் நீ நம்பமாட்டாய். நுரையீரலின் ஓரத்தைத் துளைத்து வெளியே வந்து, நெஞ்சுக்கூட்டுக்குள் சீழ் பிடிக்க வைக்கும். அங்கிருந்து வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் தசைத் திரையைத் தாண்டும். முதுகெலும்புக்கு அடியில் போய்க் கட்டியாகும். சில நாய்களுக்கு இடுப்புப் பக்கத் தோலில் வீக்கம் வந்து, உடைந்து, அதன் வழியாகப் புல் வெளியே வந்திருக்கிறது. வாயால் போன புல், இடுப்பால் வெளியே! மாதக் கணக்கில் நடக்கும் பயணம் அது. எத்தனை வலியோடு அந்த நாய் நடந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியா பக்கம் காட்டு பார்லிப் புல் நிறைய. அதன் கதிர் நரியின் வால் போல இருப்பதால் அங்கே அதற்கு நரிவால் என்றே பெயர். கோடைக்காலம் வந்தால் அங்குள்ள நாய் மருத்துவர்கள் இந்த முள்ளை மூக்கிலும் காதிலும் விரலிடுக்கிலும் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள மருத்துவர்களுக்கும் இது பழகிய தொல்லை. நம் ஊசிப்புல் அதே குணம் உள்ள உறவுக்காரன். ஆட்டின் ரோமத்துக்குள் ஏறித் தோலையே துளைப்பதை ஆடு மேய்ப்பவர்கள் நன்றாக அறிவார்கள்.

சரி, இப்போது கண்டுபிடிக்க வேண்டும். நீதான் துப்பறிவாளர்!

மருத்துவர் முதலில் எந்தக் கருவியையும் எடுக்கமாட்டார். கேள்விதான் கேட்பார். இருமல் எப்போது ஆரம்பித்தது? மெல்ல மெல்ல வந்ததா, சட்டென்று வந்ததா? அன்று நாய் எங்கே ஓடியது? மருந்து கொடுத்தபோது நின்று மறுபடி வந்ததா? மிஷ்டிக்குப் பதில் சொல்லத் தெரியாது. பதில் உன்னிடம்தான் இருக்கிறது. 'விஸ்வகர்மா பூஜை அன்னைக்கு, பட்டம் பிடிக்க மைதானத்துல ஓடினோம் டாக்டர், அப்பத்தான் முதல்ல இருமிச்சு' என்று நீ சொல்லும் ஒரு வாக்கியம், பெரிய இயந்திரங்கள் சொல்வதை விட அதிகம் சொல்லிவிடும். நான் இதை அழுத்தித்தான் சொல்கிறேன்.

அடுத்து ஸ்டெதாஸ்கோப். 1816இல் பாரிஸில் ரெனே லேனெக் என்ற மருத்துவர் ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் இந்தக் கருவி. உன் வீட்டு நாய் சாதுவாகப் படுத்திருந்தால், பெரியவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீயும் தாளைச் சுருட்டிக் கேட்டுப் பார். லப் டப் கேட்கும். மருத்துவர் மூச்சின் ஒலியையும் கேட்பார். ஒரு பக்கம் மட்டும் ஒலி கரகரத்தாலோ குறைந்தாலோ அங்கே ஏதோ இருக்கிறது.

காய்ச்சலும் பார்ப்பார். இங்கே ஒரு வேடிக்கை. உனக்கு 101 டிகிரி என்றால் பள்ளிக்கு லீவு. நாய்க்கு 101 என்றால் அது சாதாரணச் சூடு! 102.5 வரைக்கும் கவலை இல்லை.

பிறகு எக்ஸ்ரே. ஜெர்மனியில் ரான்ட்ஜன் இந்தக் கதிர்களைக் கண்டுபிடித்தது 1895இல். சில ஆண்டுகளிலேயே நம் கொல்கத்தாவில், பிரசிடென்சி கல்லூரியில், ஜகதீஷ் சந்திர போஸ் தானே ஓர் எக்ஸ் கதிர்க் கருவியை அமைத்துவிட்டார். நாம் இருக்கும் இந்த ஊரில்தான்!

எக்ஸ்ரேயில் புல் தெரியுமா? யோசித்துச் சொல்.

தெரியாது. காசை விழுங்கியிருந்தால் பளிச்சென்று தெரியும், அது உலோகம். எலும்பில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அதுவும் தெரியும். இவை கதிர்களை மறித்து நிழல் விழச் செய்கின்றன. புல்லோ நம் சதையைப் போலவே லேசான பொருள். தண்ணீர் டம்ளருக்குள் பனிக்கட்டியைப் போட்டுவிட்டுத் தூரத்தில் நின்று பார், எங்கே இருக்கிறது என்று சரியாகச் சொல்ல முடியாது. அந்த மாதிரிதான். ஆனால் புல்லைச் சுற்றி வீங்கிச் சீழ் கட்டிய இடம் ஒரு வெள்ளைத் திட்டாகத் தெரியும். எந்த மடலில் தேட வேண்டும் என்று அது காட்டும்.

சி.டி. ஸ்கேன் இன்னும் நன்றாகக் காட்டும். மாம்பழத்தை வட்ட வட்டமாக நறுக்கி ஒவ்வொரு துண்டாகப் பார்ப்பது போல, உடம்பை வெட்டாமலே துண்டு துண்டாகப் பார்க்கலாம். 1971இல் முதன்முதலாக மனிதருக்கு எடுத்தார்கள். இப்போது நாய்களுக்கும் எடுக்கிறார்கள். புல் போன தடம் சில சமயம் அதில் தெரிந்துவிடும்.

எல்லாம் சரி, கண்ணால் பார்த்தால்தானே நிச்சயம்? உள்ளேயே போய்ப் பார்க்க வேண்டும். அங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

1897இல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன் என்ற மருத்துவர், ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் மாட்டியிருந்த பன்றி எலும்புத் துண்டை நேரான ஓர் உலோகக் குழாயை உள்ளே விட்டு எடுத்தார். அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் என்பவர் தன் வாழ்நாளில் மனிதர்களின் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுத்த ஊக்கு, நாணயம், கொட்டை, பொத்தான் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தினார். 2,000க்கும் மேல்! பிலடெல்பியாவில் ஓர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இன்றும் இருக்கின்றன. அவற்றில் நிறைய உன் வயசுப் பிள்ளைகளும், உன்னைவிடச் சின்னவர்களும் விழுங்கியவை. வேர்க்கடலையை வாயில் போட்டுக்கொண்டு ஓடாதே என்று பாட்டி சொல்வது இதனால்தான்.

ஆனால் இரும்புக் குழாய் வளையாதே. மாமரத்தின் கிளைகள் வளைந்து வளைந்து போகின்றனவே. என்ன செய்வது?

நம் பஞ்சாபில், மோகா என்ற ஊரில் 1926இல் பிறந்தவர் நரீந்தர் சிங் கபானி. முடியைப் போல மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி, ஒரு முனையில் தெரியும் படத்தை வளைந்த பாதையில் மறுமுனைக்குக் கொண்டுபோகலாம் என்று லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து 1954இல் காட்டினார். ஒளி வளைந்து வந்தது! 1960களில் ஜப்பானின் ஷிகெட்டோ இக்கேடா அந்த இழைகளைக் கொண்டு வளையும் மூச்சுக்குழாய் நோக்கியை உருவாக்கினார். இன்று இழைகளுக்குப் பதில் நுனியிலேயே கடுகு போன்ற கேமரா வைத்த குழாய்களும் வந்துவிட்டன.

வா, மிஷ்டியை மேசையில் படுக்க வைத்திருக்கிறார்கள். சத்தம் போடாமல் எட்டிப் பார்.

முந்தின இரவிலிருந்து அதற்குச் சாப்பாடு இல்லை. மயக்க மருந்து கொடுத்தாகிவிட்டது. வலி தெரியாது. நாக்கை மெல்ல வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் அதன் மூச்சையும் இதயத்தையும் மட்டுமே கவனித்துக்கொண்டு நிற்கிறார். ஏன் தனியாக ஒருவர்? மூச்சு போகிற அதே வழியில்தான் கருவியும் போக வேண்டும். வடகொல்கத்தாவின் ஒடுங்கிய சந்தில் கைரிக்‌ஷாவும் மூட்டை சுமப்பவரும் ஒரே நேரத்தில் நுழைகிற மாதிரி. இருவரும் இடித்துக்கொள்ளாமல் பார்க்க ஆள் வேண்டாமா? அதனால் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே வேலை நடக்கும். மூச்சு கொஞ்சம் தடுமாறினாலும் குழாயை வெளியே எடுத்துவிடுவார்கள்.

சுண்டுவிரலைவிட மெல்லிய கறுப்புக் குழாய் தொண்டைக்குள் இறங்குகிறது. திரையில் பார்! இளஞ்சிவப்புச் சுரங்கம். வளையம் வளையமாகத் தெரிவது குருத்தெலும்பு. குழாய் அமுங்கிவிடாமல் அது தாங்கிப் பிடிக்கிறது. இன்னும் கீழே, பாதை இரண்டாகப் பிரிகிறது. மருத்துவர் ஒவ்வொரு கிளையாக எட்டிப் பார்க்கிறார். இது சுத்தம். இதுவும் சுத்தம். வலப்பக்கம், பின்னால் போகும் கிளையில் சுவர் சிவந்து வீங்கியிருக்கிறது. அந்தக் கிளையின் வாயில் மஞ்சள் சீழ். உப்பு நீரைக் கொஞ்சம் விட்டு உறிஞ்சுகிறார்.

அதோ! சீழுக்கு நடுவே பழுப்பாக ஒரு மீசை நுனி.

குழாயின் உள்ளே இன்னொரு துளை உண்டு. அதன் வழியாக நூல் போன்ற ஓர் இடுக்கி வருகிறது. நுனியில் முதலை வாய் மாதிரி இரண்டு குட்டித் தாடைகள். திறக்கிறது. மெதுவாக முன்னே போகிறது. கவ்வுகிறது. நழுவிவிட்டது. மறுபடியும்... கவ்வியாகிவிட்டது. இப்போது அவசரப்பட்டு இழுத்தால் புல் நடுவில் ஒடிந்துவிடும். சுணைகள் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டிருக்கின்றனவே. அதனால் நிதானமாக, சீராக. இடுக்கியைத் துளைக்குள் இழுக்கவும் மாட்டார், புல் அதற்குள் நுழையாது. புல், இடுக்கி, குழாய் மூன்றையும் சேர்த்தே மொத்தமாக வெளியே எடுக்கிறார்.

வெள்ளைப் பஞ்சின்மேல் அதை வைக்கிறார். நாற்றம் தாங்கவில்லை. உன் விரல் நகம் அளவுதான் இருக்கிறது. இத்தனை நாள் இத்தனை பாடு படுத்தியது இந்தத் துணுக்கா என்று தோன்றும்.

முடிந்துவிட்டதா? இல்லை. முழுசாக வந்ததா, நுனி ஒடிந்து உள்ளே இருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு குழாயை மறுபடி உள்ளே விட்டு எல்லாக் கிளைகளையும் தேடுகிறார். ஒன்று போன வழியில் இன்னொன்றும் போயிருக்கலாமே! உறிஞ்சிய நீரைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புகிறார். எந்தக் கிருமி, எந்த மருந்து என்று தெரிந்தபின் சில வாரம் மருந்து தொடரும். இந்த முறை இருமல் திரும்பாது. எலியை எடுத்தாகிவிட்டதே!

புல் கிளை நுனியையும் தாண்டிப் போயிருந்தால் குழாய் எட்டாது. அப்போது நெஞ்சைத் திறந்து அறுவை செய்ய வேண்டும். கெட்டுப்போன மடலையே எடுத்துவிட வேண்டியும் வரலாம். ஒரு மடல் போனாலும் நாய் ஓடும், விளையாடும். மிச்ச மடல்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஆனால் அது பெரிய அறுவை, நிறைய வலி, நிறையச் செலவு. முதல் சில நாட்களில் வந்தால் ஓர் இடுக்கியோடு போகும். ஒரே திசையில் போகிற புல் அது, நினைவிருக்கிறதா? ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் தூரம் போய்விடுகிறது.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஆசையாக இருக்கிறதா? இங்கே கொல்கத்தாவில், பெல்காச்சியாவில் வங்காளக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1893இல் ஆரம்பித்தது. இன்று அது மேற்கு வங்கக் கால்நடை, மீன்வள அறிவியல் பல்கலைக்கழகம். நம் சென்னை வேப்பேரிக் கல்லூரி 1903இல் வந்தது. பேசத் தெரியாத நோயாளியின் நோயைக் கண்டுபிடிப்பது மருத்துவத்திலேயே கடினமான வேலை என்பது என் எண்ணம். கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைகள்தான் அதற்கு வேண்டும். கீழ்வீட்டுச் சிறுமி போல, உன்னைப் போல.

அதுவரை உன்னால் செய்யக்கூடியது இருக்கிறது. புல்லில் ஓடிவிட்டு வந்ததும் உன் நாயை உட்கார வைத்து, ரோமத்தின் போக்கில் சீப்பால் வாரு. கால் விரல் இடுக்கு, காது மடலின் உள்பக்கம், அக்குள், தாடைக்குக் கீழே, வாலடி. ஓர் இடத்தையும் விடாதே. மேலே ஒட்டியிருக்கும் முள்ளை எடுத்துக் குப்பையில் போடு. மூக்குக்குள்ளோ காதுக்குள்ளோ போயிருந்தால் நீ எடுக்க முயலாதே, இன்னும் உள்ளே தள்ளிவிடுவாய். நாம் சாப்பிடும் மாத்திரை எதையும் நாய்க்குக் கொடுக்காதே. பாராசிட்டமால் கூட அதற்கு ஆபத்து. தெருநாய் இருமிக்கொண்டிருந்தால் தொடாதே, பெரியவர்களிடம் சொல்.

நாய் தூங்கும்போது கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணப் பழகு. 30க்குள் இருக்க வேண்டும். நாள்தோறும் அதைத் தாண்டினால் அப்பாவிடம் சொல்.

உன் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்றே ஒரு கோடு போட்டு வை. நாய் புல்லில் ஓடியபோது இருமினாலோ அடுக்காகத் தும்மினாலோ, அன்றைய தேதியையும் ஓடிய இடத்தையும் அதில் எழுது. ஒரு வாரம் கழித்து இருமல் நின்றுவிட்டாலும் அந்தப் பக்கத்தைக் கிழிக்காதே. மருத்துவரிடம் போகும் நாளில் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போ, கண்ணு.